புரோகிராமிங் கேள்வி போட்டால் பதிலே வருவதில்லை: எதை மாற்ற வேண்டும்?

மணல்கடிகாரம் கேட்டது:

வணக்கம். ஒரே கேள்வியை இரண்டு இடங்களில் போட்டேன். ஒன்றில் பதிலே இல்லை. இன்னொன்றில் "விவரம் போதாது" என்று மூடிவிட்டார்கள். எந்த விவரம் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. போட்டதை அப்படியே கீழே தருகிறேன், பிழை எங்கே என்று சொல்லுங்கள்.

தலைப்பு: பைத்தான் எரர், ப்ளீஸ் ஹெல்ப், அவசரம்!!

"அனைவருக்கும் வணக்கம். நான் பைத்தானுக்குப் புதியவன். ஒரு பெரிய சிஎஸ்வி ஃபைலைப் படித்து ஊர்வாரியாக விற்பனைத் தொகையைக் கூட்ட வேண்டும். பாதி வரை ஓடுகிறது, பிறகு எரர் காட்டி நின்றுவிடுகிறது. மெமரி போதவில்லை என்று நினைக்கிறேன். பைத்தானுக்கு மெமரியை அதிகப்படுத்துவது எப்படி? முழு புரோகிராம் கோடும் மூன்று ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. தெரிந்தவர்கள் உதவவும்."

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஃபைலில் 4,800 வரி. கோடு 180 வரி.


கடைசிவரி:

மூடியவர்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். இந்தப் பதிவை வைத்துக்கொண்டு யாராலும் அந்த எரரைத் தன் மெஷினில் வரவழைக்க முடியாது. பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் படித்த உடனே கண்டுபிடித்துவிடுவதில்லை. கோடை காப்பி செய்து ஓட்டுவார்கள், எரர் வந்தால் இரண்டொரு இடத்தில் மாற்றிப் பார்ப்பார்கள், சரியானால் எழுதுவார்கள். அதற்கு ஒதுக்குவது சில நிமிடம்தான். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து 180 வரியைத் தட்டச்சு செய்ய ஆள் கிடையாது. இருந்தாலும் அவரிடம் உங்கள் ஃபைல் இல்லை. இன்னொன்று, படத்தில் உள்ள எரரைத் தேடுபொறி சரியாகப் பிடிக்காது; பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் படிக்காது. அவர்களில் நல்ல புரோகிராமர்கள் நிறைய.

அடுத்தது "மெமரி". உங்களுக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன்பே நீங்கள் ஊகித்த காரணத்துக்குத் தீர்வு கேட்டுவிட்டீர்கள். ஒரு வரிக்கு 80 பைட் என்று வைத்தாலும் 4,800 வரி 400 கேபிக்குள் அடங்கிவிடும். அதற்கு மெமரி போதாமல் போக வழியே இல்லை. நிஜமாகவே தீர்ந்திருந்தால் எரரின் பெயரே மெமரிஎரர் என்று வந்திருக்கும். படிக்கிறவர் இந்த ஊகத்தைப் பார்த்ததும் "இவருக்கு முதலில் இது மெமரி பிரச்சினையே இல்லை என்று விளக்க வேண்டுமே" என்று அலுத்து நகர்ந்துவிடுவார். ஊகத்தை எழுதலாம், தப்பில்லை. கடைசியில், ஊகம் என்று சொல்லி எழுதுங்கள்.

எரர் என்ன என்பது உங்கள் பதிவில் எங்குமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? "எரர் காட்டுகிறது" என்பது தகவல் ஆகாது. "ட்ரேஸ்பேக்" என்று தொடங்கும் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு எழுத்துகூட விடாமல், டெக்ஸ்டாக வேண்டும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் காப்பி ஆகிவிடும். நீளமாக இருந்தால் கட்டளைக்குப் பின்னால் "2>" போட்டு ஒரு ஃபைல் பெயர் கொடுத்தால் எரர் முழுக்க அந்த ஃபைலுக்குள் போய்விடும். இதை கமாண்ட் பிராம்ப்ட்டிலேயே செய்யுங்கள். பவர்ஷெல் 5.1 அந்த ஃபைலை யுடிஎஃப்-16 என்ற வேறொரு எழுத்துக் குறிமுறையில் எழுதும், தன் பங்குக்குச் சில வரிகளையும் சேர்த்துவிடும்.

முழுவதும் ஏன் கேட்கிறோம் என்றால், முக்கியமான வரி எங்கே இருக்கும் என்பது மொழிக்கு மொழி மாறும். பைத்தானில் எரரின் பெயர் கடைசி வரியில். ஆனால் நடுவில் "ட்யூரிங் ஹேண்ட்லிங் ஆஃப் தி அபவ் எக்ஸப்ஷன்" என்று ஒரு வரி வந்தால் அங்கே இரண்டு எரர் இருக்கின்றன, மூலம் மேலே உள்ளது. ஜாவாவில் "காஸ்ட் பை" என்று தொடங்குபவற்றில் கடைசியாக வருவதைப் பார்க்க வேண்டும். சி, சி++ கம்பைலரில் நேர் எதிர்: முதல் எரர்தான் உண்மையானது, அதற்குக் கீழே வரும் நாற்பதும் அதன் விளைவாக இருக்கலாம். எது தேவை என்று தெரியாதபோது வெட்டாதீர்கள்.

ஒருவேளை உங்கள் கோடில் ட்ரை, எக்ஸெப்ட் போட்டு "ஏதோ எரர்" என்று பிரிண்ட் மட்டும் செய்திருந்தால், அதை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். புதியவர்களின் கோடில் இதை அதிகம் பார்க்கலாம். காரணம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

தலைப்பில் மூன்று விஷயம் போதும்: எந்த மொழி, என்ன செய்யும்போது, என்ன எரர். "பைத்தானில் சிஎஸ்வியை வரிவரியாகப் படிக்கும்போது இன்ன எரர்" என்கிற அமைப்பு. "அவசரம்", "ஹெல்ப்", "புதியவன்" மூன்றும் வேண்டாம். வருகிறவர் தனக்குத் தெரிந்த எரரின் பெயரைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்.

பிறகு ஒரு வரியில் சூழல்: ஆப்பரேட்டிங் சிஸ்டம், பைத்தான் வெர்ஷன், பயன்படுத்திய லைப்ரரியும் அதன் வெர்ஷனும். பைத்தான் கட்டளைக்குப் பின் ஒரு ஹைஃபன், இரண்டு பெரிய எழுத்து வி தட்டினால் வெர்ஷன் முழு விவரத்தோடு வரும். "லேட்டஸ்ட் வெர்ஷன்" என்று எழுதாதீர்கள். அடுத்த வருடம் படிப்பவருக்கு அது வேறொரு வெர்ஷன்.


அரைப்புள்ளி:

மேலே சொன்னது எல்லாம் சரி. 180 வரியை அப்படியே ஒட்டினாலும் யாரும் படிக்கமாட்டாங்க, அதனால குறைக்கிறது எப்படின்னு நான் சொல்றேன்.

முதல்ல ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்துக்குங்க. ஒரிஜினல்ல கை வைக்கவே வேண்டாம். காப்பியில கோடோட பாதியை நீக்கிட்டு ஓட்டுங்க. அதே எரர் வருதா? நீக்கின பாதிக்கும் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லை, போகட்டும். வரலையா? திருப்பிப் போட்டுட்டு மற்ற பாதியை நீக்குங்க. 180 வரிக்கு எட்டு சுற்றுக்குள்ள முடிஞ்சிடும். டேட்டாவுக்கும் இதே முறைதான்: 4,800 வரியில பாதி, அதுல பாதின்னு போனா 13 தடவையில ஒத்தை வரிக்கு வந்துடலாம்.

உங்க கோடுல முதல்ல தூக்க வேண்டியது ஊர்வாரியா கூட்டுற பகுதி. எரர் படிக்கும்போதே வருதுன்னா கூட்டல் எதுக்கு?

"அதே எரர்"னு சொல்றப்போ அதே பெயர், அதே வரி. நீக்கினதுல ஒரு வேரியபிள் போயிட்டா நேம்எரர் வரும். அதைப் பார்த்து "ஆ, இன்னும் எரர் வருது"ன்னு தொடர்ந்து வெட்டிக்கிட்டே போனா கடைசியில வேற ஒரு பிரச்சினையைத்தான் எங்களுக்குக் காட்டுவீங்க.

சிஎஸ்வியைப் பாதியாக்க எக்ஸெல்ல திறக்காதீங்க! இதுலதான் நிறைய பேர் மாட்டுவாங்க. எக்ஸெல் திறந்து சேவ் பண்ணும்போது என்கோடிங் (எழுத்தை பைட்டா எழுதி வைக்கிற முறை) மாறலாம், 007 வெறும் 7 ஆயிடும், தேதி வடிவம் மாறும். தமிழ் இருக்கிற ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறந்து அப்படியே சேவ் பண்ணினா எழுத்தே நாசமாகிடும். அதுக்கப்புறம் நீங்க ஆராய்றது உங்க ஃபைலே இல்லை. நோட்பேட்++, விஎஸ் கோட் மாதிரி எடிட்டர்ல வெட்டுங்க.

இன்னொரு வலை: ஃபைலை வரிவரியா படிக்கும்போது பைத்தான் உள்ளுக்குள்ள ஒரு பெரிய துண்டா, பொதுவா 8192 பைட், எடுத்துத்தான் வரியாப் பிரிக்கும். எழுத்து சம்பந்தப்பட்ட எரர்னா அந்தத் துண்டு முழுக்கவே கைக்கு வராது. அதனால கடைசியா பிரிண்ட் ஆன வரிக்கு அடுத்த வரிதான் கோளாறுன்னு நம்பாதீங்க. பிரச்சினை பல வரி தள்ளி இருக்கலாம். எரர்ல வர்ற பொசிஷன் நம்பரும் அப்போ அந்தத் துண்டுக்குள்ள எண்ணினதுதான், ஃபைலோட ஆரம்பத்துல இருந்து இல்லை.

ஒட்டும்போது: கோடுக்கு மேலேயும் கீழேயும் மூணு பேக்டிக் தனி வரியில போடுங்க. கீபோர்டுல 1-க்கு இடப்பக்கம், எஸ்கேப்புக்குக் கீழே இருக்கிற சாய்ந்த குறி. அது இல்லாம போட்டா பைத்தானோட இன்டென்டேஷன் (வரி தொடக்கத்துல விடுற இடைவெளி) கலைஞ்சுடும், அப்புறம் அது ஓடவே ஓடாது. வாட்ஸ்அப்ல இன்னும் மோசம். ரெண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவுல உள்ளது தடித்த எழுத்தாகி நட்சத்திரம் காணாமப் போகும், அடிக்கோடுக்கும் அதே கதி. வேர்டு ஃபைல் வழியா வந்த கோடுல நேர் மேற்கோள் குறி எல்லாம் வளைஞ்ச குறியா மாறியிருக்கும், ஓட்டினா சின்டாக்ஸ்எரர்.

போடறதுக்கு முன்னாடி பாஸ்வேர்டு, ஏபிஐ கீ, வாடிக்கையாளர் பெயர், ஃபோன் நம்பர் எல்லாத்தையும் மாத்திடுங்க. தவறிப்போய் கீ வெளியே போயிட்டா பதிவை நீக்கினா போதாது, அந்தக் கீயையே ரத்து பண்ணிட்டுப் புதுசு எடுக்கணும். பழைய பதிப்பு எங்கேயாவது இருக்கும்.

சின்னதாக்கினதைப் புது ஃபோல்டர்ல, புது டெர்மினல்ல ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, அந்த ஃபைல்ல இருந்தே காப்பி பண்ணிப் போடுங்க. கேள்விக்குள்ள நேரா தட்டச்சு பண்ணினா புதுசா ஒரு எழுத்துப்பிழை சேர்ந்துடும். பதில் சொல்றவங்க முதல்ல அதைத்தான் பிடிப்பாங்க.


மணல்கடிகாரம்:

நன்றி இருவருக்கும். குறைத்துப் பார்த்தேன். முதல் மூவாயிரம் வரி போல ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது, பிறகு தமிழ் வருகிறது. அங்கேதான் நிற்கிறது. இப்போது கேள்வி இப்படி:

தலைப்பு: பைத்தான் 3.12, விண்டோஸ் 11: தமிழ் உள்ள ஃபைலைப் படிக்கும்போது யூனிகோட்டீகோட்எரர்

சூழல்: விண்டோஸ் 11, பைத்தான் 3.12. வேறு லைப்ரரி இல்லை.
ஃபைல்: நோட்பேடில் புதிதாக உருவாக்கியது. உள்ளே இருப்பது "சேலம்" என்ற ஒரே சொல்.
கோடு: இரண்டு வரி. ஓப்பன் ஃபங்ஷனுக்கு ஃபைல் பெயரை மட்டும் கொடுத்துத் திறக்கிறேன். ரீட் செய்து பிரிண்ட் செய்கிறேன்.
எதிர்பார்ப்பது: திரையில் சேலம்.
நடப்பது, எரரின் கடைசி வரி: யூனிகோட்டீகோட்எரர்: 'சார்மேப்' கோடெக் கான்ட் டீகோட் பைட் 0எக்ஸ்8டி இன் பொசிஷன் 14: கேரக்டர் மேப்ஸ் டு அன்டிஃபைன்ட்
முயன்றது: சேலம் என்பதை எடுத்துவிட்டு "கோவை" என்று எழுதினேன். எரர் வரவில்லை! ஆனால் திரையில் தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று ஏதேதோ வருகிறது. லினக்ஸ் மெஷினில் இரண்டு ஃபைலும் சரியாக வருகின்றன.

ஒரு ஊருக்கு எரர் வந்து இன்னொரு ஊருக்கு வராதது ஏன்?


சுழியம்:

இப்போது இது பதில் சொல்லக்கூடிய கேள்வி. படித்த உடனே காரணம் தெரிகிறது. எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கொடுத்த ஒவ்வொரு விவரமும் அதில் வேலை செய்திருக்கிறது.

நோட்பேட் இப்போதெல்லாம் ஃபைலை யுடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் சேமிக்கிறது. ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில் பைத்தான் 3.12 இன் ஓப்பன், என்கோடிங் சொல்லப்படாவிட்டால், ஃபைல் சிபி-1252 என்று எடுத்துக்கொள்ளும். அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய அட்டவணை; ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. அந்த அட்டவணையில் ஐந்து இடம் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. இவை 16-ஐ அடியாகக் கொண்ட (ஹெக்ஸாடெசிமல்) எண்கள்.

யுடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். மெய்யின் மேல் வைக்கும் புள்ளிக்கான மூன்று பைட்: ஈ0, ஏஎஃப், 8டி. கடைசி பைட்டைப் பாருங்கள், காலி இடம். சேலம் என்பது ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஐந்து குறியீடு, 15 பைட். சுழியிலிருந்து எண்ணினால் கடைசி பைட்டின் இடம் 14. உங்கள் எரரில் வந்த அதே 14. கோவையில் புள்ளி இல்லை. அதன் 12 பைட்டில் ஒன்றுகூடக் காலி இடத்தில் விழவில்லை. அதனால் எரர் இல்லாமல் ஒவ்வொரு பைட்டும் ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்தாகிவிட்டது. தலையில் கோடு போட்ட ஏ என்பது ஈ0, வட்டத்துக்குள் ஆர் என்பது ஏஇ. மதுரை என்று எழுதிப் பாருங்கள்: உகரக் குறி 81 இல் முடிவதால் எரர் வரும், ஆனால் பைட் வேறாக இருக்கும்.

இரண்டில் ஆபத்தானது கோவைதான். சேலம் சத்தம் போட்டு நின்றுவிட்டது. கோவை மட்டும் இருந்த ஃபைலாக இருந்தால் கூட்டல் முடிந்து, உருத்தெரியாத ஊர்ப்பெயரோடு அறிக்கையே அச்சாகியிருக்கும்.

தீர்வு: ஓப்பன் ஃபங்ஷனில் என்கோடிங் என்ற ஆர்க்யுமென்ட்டுக்கு யுடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஃபைல் எழுதும்போதும் கொடுங்கள். லினக்ஸில் இயல்பாகவே யுடிஎஃப்-8 என்பதால் அங்கே பிரச்சினை தெரியவில்லை. நீங்கள் "விண்டோஸ்" என்று எழுதாமல் விட்டிருந்தால், லினக்ஸில் இருப்பவர் ஓட்டிப் பார்த்து "எனக்குச் சரியாக வருகிறதே" என்று போயிருப்பார். வெர்ஷன் எண்ணும் அப்படித்தான்: 3.15 முதல் விண்டோஸிலும் யுடிஎஃப்-8 இயல்பு என்று முடிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு இதே கோடு இந்த எரரைத் தராது.

எரரை ஒரு எழுத்து விடாமல் ஒட்டியதால் கிடைத்த உபரித் தகவல் ஒன்று: உங்கள் நோட்பேட் ஃபைலின் தலையில் பிஓஎம் (சில புரோகிராம்கள் ஃபைலின் தொடக்கத்தில் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லை. இருந்திருந்தால் மூன்று பைட் கூடி 14 என்பது 17 ஆகியிருக்கும்.

எரர்ஸ் என்ற ஆர்க்யுமென்ட்டில் இக்னோர் போடச் சொல்லி யாராவது பதில் எழுதுவார்கள். செய்யாதீர்கள். அது காலி இடத்து பைட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதைக் குப்பையாகவே தரும். எரர் போகும், டேட்டாவும் போகும்.

அரைப்புள்ளி சொன்னதில் ஒன்றைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். குறைப்பது நல்லதுதான், ஆனால் குறைக்கும்போது பிரச்சினையின் உயிர் போய்விடக் கூடாது. வாடிக்கையாளர் பெயரை மறைக்கிறேன் என்று எல்லா ஊரையும் "கோவை" என்று மாற்றிப் போட்டிருந்தால் எரர் மறைந்திருக்கும். போலி டேட்டா போடும்போது நீளம், வகை, காலி செல், சிறப்புக் குறி எல்லாம் நிஜத்தைப் போலவே இருக்கட்டும். அதேபோல், ஃபைல் இணைக்க வேண்டாமே என்று பலர் டேட்டாவை ஸ்ட்ரிங்ஐஓவில் (ஃபைல் போலப் படிக்கக்கூடிய ஸ்ட்ரிங்) வைத்து கோடுக்குள்ளேயே எழுதுவார்கள். பொதுவாக நல்ல பழக்கம். என்கோடிங் பிரச்சினைக்கு மட்டும் உதவாது, ஏனென்றால் ஸ்ட்ரிங் ஆகும்போதே டீகோட் (பைட்டை எழுத்தாக்குவது) முடிந்துவிட்டது. அங்கே பைட்ஸ்ஐஓ வேண்டும், அல்லது ஃபைலை பைனரி மோடில் திறந்து முதல் 60 பைட்டை பிரிண்ட் செய்து ஒட்டுங்கள். சிஎஸ்வி மாட்யூலுக்குப் பதில் பாண்டாஸ் லைப்ரரியைப் போட்டுக் காட்டுவதும் ஏமாற்றும்; அதன் ரீட் சிஎஸ்வி எந்த ஓஎஸ் ஆனாலும் யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும்.


நீலத்திரை:

எரர் வந்தால் ஒட்டலாம், சரி. எரரே வராத கேள்விகளுக்கு? "கோடு மெதுவாக ஓடுகிறது", "ரியாக்டா வ்யூவா", "சில நேரம் மட்டும் தப்பாக வருகிறது" மாதிரி. இவற்றுக்கும் பதில் வருவதில்லை.


கடைசிவரி:

மூன்றும் மூன்று வகை.

விடை தப்பாக வந்தால் மூன்று வரி கட்டாயம்: கொடுத்தது, எதிர்பார்த்தது, வந்தது. "சரியாக வரவில்லை" என்றால் எது சரி என்று எங்களுக்குத் தெரியாது.

மெதுவாக ஓடினால் எண்கள்: எத்தனை வரி டேட்டா, எத்தனை வினாடி, எந்த வரியில் நேரம் போகிறது, எவ்வளவுக்குள் முடிய வேண்டும். பைத்தானில் சிப்ரோஃபைல் (எங்கே நேரம் போகிறது என்று அளப்பது) உடன்வரும் மாட்யூல்தான், ஓட்டிப் பார்த்து மேலுள்ள பத்து வரியை ஒட்டினால் போதும். கூடவே டேட்டாவை இரட்டிப்பாக்கி நேரத்தைப் பாருங்கள். இரண்டு மடங்கானால் ஒரு கதை, நான்கு மடங்கானால் லூப்புக்குள் லூப் இருக்கிறது. இந்த ஒரு தகவல் பல நேரம் பதிலையே தந்துவிடும்.

சில நேரம் மட்டும் வருவதுதான் கடினமானது. நூறு தடவை ஓட்டினால் எத்தனை தடவை, எந்த மெஷினில், நெட் இல்லாதபோதும் வருகிறதா என்று எழுதுங்கள். ரேண்டம் பயன்படுத்தினால் சீட் எண்ணை நிலையாக்குங்கள். "நேற்று வரை ஓடியது" என்றால் கிட் பைசெக்ட் (சேமித்த பழைய பதிப்புகளைப் பாதி பாதியாகச் சோதிக்கும் கட்டளை) ஓட்டி எந்தக் கமிட்டில், அதாவது எந்தப் பதிப்பில், கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டுக் கேளுங்கள். அந்தக் கமிட்டின் மாற்றம் பத்து வரியாக இருந்தால், அதுவே உங்கள் கேள்வி.

ரியாக்டா வ்யூவா (இணையப் பக்கம் கட்டும் இரண்டு கருவிகளில் எது நல்லது) என்பது கருத்துக் கேள்வி. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் மூடுவார்கள், டெலிகிராம் குழுவில் சண்டை வரும். பதில் வேண்டுமென்றால் கட்டுப்பாடுகளைச் சொல்லுங்கள்: எத்தனை பேர் குழு, ஏற்கெனவே என்ன தெரியும், பழைய கோடு எதில் இருக்கிறது, எது நடந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஆளாளுக்குத் தனக்குப் பிடித்ததைச் சொல்வார்கள்.

குழுக்களில் "யாருக்காவது ஜாங்கோ தெரியுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தெரிந்தவர் கை தூக்கினால், என்னவென்றே தெரியாத வேலைக்கு ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அதனால் எல்லாரும் கமுக்கமாக இருப்பார்கள். முதல் மெசேஜிலேயே முழுக் கேள்வியும் இருக்கட்டும்.


சுழியம்:

மூடப்பட்ட கேள்வி பற்றி முதலில் கேட்டிருந்தீர்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவாக இருந்தால், மூன்று பயனர்கள் வாக்களித்தால் கேள்வி மூடப்படும். நீக்கிவிட்டு மறுபடி போடாதீர்கள். எதிர்வாக்கு வாங்கி நீக்கப்பட்டவையும் உங்கள் கணக்கில் சேர்ந்து, கேள்வி கேட்கவே தடை வரலாம். அதே கேள்வியைத் திருத்துங்கள், அங்கிருந்தே மறுபரிசீலனைக்கு அனுப்ப முடியும். "டூப்ளிகேட்" என்று மூடினால் அது பெரும்பாலும் தண்டனை இல்லை, பதிலுக்கான இணைப்பு. அதைப் படித்து, செய்து பார்த்து, தீரவில்லை என்றால் எங்கே வேறுபடுகிறது என்று கேள்விக்குள்ளேயே ஒரு வரி சேருங்கள்.

யாராவது கமென்ட்டில் விவரம் கேட்டால் பதிலையும் கமென்ட்டில் போடாமல் கேள்வியைத் திருத்துங்கள். அடுத்து வருபவர் இருபது கமென்ட்டைப் படித்து விவரம் பொறுக்கமாட்டார். போட்ட முதல் ஒரு மணி நேரம் அருகில் இருங்கள். கேட்பவர் போன பிறகு மூன்று நாள் கழித்து வரும் விவரம் யாருக்கும் பயனில்லை. இரண்டு இடத்தில் போட்டால் இரண்டிலும் மற்றதன் இணைப்பைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓரிடத்தில் தீர்ந்ததை இன்னோர் இடத்தில் ஒருவர் மெனக்கெட்டுத் தேடிக்கொண்டிருப்பார்.

ஏஐ எழுதிக் கொடுத்த கோடு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாத ஃபங்ஷனை அது கற்பனையாக அழைத்திருந்தால், "எந்த லைப்ரரியில் இருக்கிறது இது" என்று நாங்கள் தேடிக்கொண்டிருப்போம்.


மணல்கடிகாரம்:

என்கோடிங் கொடுத்தேன், 4,800 வரியும் ஓடிவிட்டது. ஆனால் இந்த மாதத்துப் புது ஃபைலில், அதே கோடு, கீஎரர்: 'சிட்டி' என்று வருகிறது. முதல் வரியில் சிட்டி என்ற ஆங்கிலத் தலைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. சூழல் அதே. வித்தியாசம் ஒன்று: இதை எக்ஸெல்லில் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்று சேமித்துக் கொடுத்திருக்கிறார்கள். டிக்ட்ரீடர் (மதிப்பைத் தலைப்பின் பெயரைச் சொல்லி எடுக்கும் வசதி) பயன்படுத்துகிறேன். ஃபீல்ட்நேம்ஸ் லிஸ்ட்டை பிரிண்ட் செய்தால் முதல் பெயருக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு, யு, எஃப்இஎஃப்எஃப் என்று ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.


அரைப்புள்ளி:

பார்த்தீங்களா, இந்தத் தடவை ஒரே பதிவுல எல்லாம் வந்துடுச்சு. அதுதான் பிஓஎம். எக்ஸெல் அந்த வகையில சேமிக்கும்போது ஃபைல் தலையில மூணு பைட் சேர்த்துடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா முதல் காலத்தோட (நெடுவரிசையோட) பெயர்ல ஒட்டிக்கும். அதான் முதல் காலத்துக்கு மட்டும் கீஎரர், இரண்டாவது காலத்தைக் கேட்டுப் பாருங்க, ஒழுங்கா வரும்.

யுடிஎஃப்-8 கொடுத்த இடத்துல யுடிஎஃப்-8-சிக் கொடுங்க. சிக் என்பது எஸ், ஐ, ஜி. பிஓஎம் இருந்தா அது விழுங்கிடும், இல்லாட்டி சாதாரணமாப் படிக்கும். பழைய ஃபைலுக்கும் இதே கோடு போதும். எழுதற பக்கத்துல மட்டும் யோசிச்சு போடுங்க: எக்ஸெல்ல திறக்கப் போற ஃபைல்னா சிக் வேணும், வேற புரோகிராம் படிக்கப் போகுதுன்னா வெறும் யுடிஎஃப்-8.

இந்தக் கேள்வியை மட்டும் தனித் தலைப்புல போட்டுட்டு இங்கே இணைப்பு குடுங்க. "கீஎரர், எக்ஸெல் சிஎஸ்வி"ன்னு தேடி வர்றவங்க இந்தத் திரிக்குள்ள இவ்வளவு கீழே வரமாட்டாங்க.